ஏடு படியும் குளம்

அத்தகாமா உப்புவெளி முகாம்
11 மார்ச் 1996

பதினோரு நிமிட அக்கா நொயெமிக்கு,

நான் அக்கா என்று எழுதினால் அது மரியாதை இல்லை, கோபம் என்று உனக்குத் தெரியும். இந்த முறை கோபம் என்பதே சின்ன வார்த்தை.

நடந்ததை நீ போனில் கேட்டிருப்பாய். நான் பட்டதைச் சொல்கிறேன். ஜனவரி ஒன்பது, காலை பத்து மணி. ஏழாம் குளத்தின் கரையில் குனிந்து, உப்புநீரில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அடர்த்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாகச் செய்கிற வேலை. முகாம் நர்ஸ் இஸ்மேனியா இரண்டு தடியர்களோடு வந்து நின்றாள்.

"எதெல்மிரா, சும்மா ஒரு ரத்த டெஸ்ட். வண்டில ஏறு."

"யாரு சொன்னா?"

"வல்பராயிசோவுலேர்ந்து உங்க அக்கா போன் பண்ணாங்க. உன் நம்பரெல்லாம் தாறுமாறா குதிக்குதாம். உனக்கு மறுபடி வரப்போகுதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த பிழை. பைத்தியம் என்று ஒருமுறை பெயர் வாங்கியவள் சிரித்தாலும் அறிகுறி, அழுதாலும் அறிகுறி. ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். குழல் விழுந்து உடைந்தது. கடலோர மருத்துவமனையில் பத்தொன்பது நாள் ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள்.

என் எண்கள் ஏன் குதித்தன தெரியுமா? தண்ணீர் லாரி ஓட்டும் எலிசெயோ டிசம்பரில் என்னிடம், "தொகொனாவ்ல எனக்கு ஒரு வீடு இருக்கு, வாசல்ல பேரிக்கா மரம் இருக்கு, நீயும் இருந்தா நல்லாருக்கும்" என்றான். முப்பத்தெட்டு வயதில் ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன ஆவாள்? ஒரு நாள் சரி என்றேன். மறுநாள் மாட்டேன் என்றேன். அதற்கு மறுநாள் அவன் லாரிச் சத்தம் கேட்டு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். குதிக்கத்தான் செய்யும்.

அந்த எண்களை உனக்கென்றே எழுதினேன். டாக்டரிடம் சொல்ல வார்த்தை வராதபோது குழலின் கணக்கிலேயே என்னைச் சொல்லப் பழகினேன். சாதாரண நாள் 1.200. அமுங்கிய நாள் 1.180. உப்பு ஏறிய நீரில் குழல் எழும்புவதுபோல் நான் எழும்பும் நாள் 1.230. மாதாமாதம் தாள் அனுப்பினேன். நீ பல்கலைக்கழகத்துக் கணக்கு வாத்தியார். மூளை ரசாயனத்துக்கும் வானிலைக்கும் ஒரே கேயாஸ் கணக்குத்தான், அடுத்த முறை நீ விழுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன் என்றாய். நம்பினேன்.

இப்போது என்னைக் குளங்களிலிருந்து எடுத்து, உப்புநீர் மாதிரிப் புட்டிகளைக் கழுவப் போட்டிருக்கிறார்கள். இன்னொருமுறை வந்தால் வேலையை விட்டு எடுத்து மலையிறக்கிவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இந்த உப்பை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? "எத்தனை?" என்று போனில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

இனி உனக்கு எண் கிடையாது.

எதெல்மிரா


வல்பராயிசோ
2 ஏப்ரல் 1996

மிரா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருந்தேன். நான்காவதில் மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தேன், அது பொய்போல் இருந்தது. எனவே இரண்டையும் கலந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

தொண்ணூற்றொன்றில் உன்னைத் தேடி அங்கே வந்தேன், நினைவிருக்கிறதா? உப்புவெளியின் நடுவில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாய். பாதமெல்லாம் கிழிந்திருந்தது. "நொயெமி, அடியில கடல் கூப்பிடுது, உனக்குக் கேக்கலையா?" என்றாய். உன் முகத்தில் என் முகம் இருந்தது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாம். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டிசம்பர்த் தாளைப் பார்த்தேன். 1.191, 1.227, 1.203, 1.232, 1.188. உடனே போன் பக்கம் போனேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாய், நான் நம்பிவிடுவேன் என்று பயந்தேன். அதனால் உன்னைத் தாண்டி நர்ஸைக் கூப்பிட்டேன். எலிசெயோ என்று ஒருவர் இருப்பது அந்த எண்களில் எனக்குத் தெரியவில்லை. மகிழ்ச்சிக்கும் புயலுக்கும் வித்தியாசம் தெரியாத கணக்கை வைத்துக்கொண்டு உன் வாழ்க்கையில் கைவைத்தேன். அது தப்பு.

உடைந்த குழலுக்குப் பதிலாக ஒன்றைப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். எண் கேட்கவில்லை. பேரிக்காய் மரத்துக்கு என்ன பதில் சொன்னாய் என்று மட்டும், உனக்கு விருப்பமிருந்தால் எழுது.

நொயெமி


உப்புவெளி முகாம்
19 ஏப்ரல் 1996

நொயெமிக்கு,

குழல் உடையாமல் வந்தது. நன்றி என்று எழுதமாட்டேன்.

புட்டி கழுவுகிற இடத்தில் எல்லோருக்கும் நான்தான் பொழுதுபோக்கு. நான் மதியம் மாத்திரை விழுங்கும்போது ஒருத்தன் தினமும் கேட்கிறான்: "ஊரு உலகமே இங்கேர்ந்துதான் லித்தியத்த அள்ளிட்டுப் போகுது. நீ அதையே மருந்துக்கடைல வாங்கித் திங்கிறியே? எட்டாம் குளத்துல ஒரு மடக்கு குடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே!" நான் சொன்னேன், "குடிச்சேன், நீ குளிச்ச வாடை வந்துச்சு, துப்பிட்டேன்." மூன்று நாள் வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டான் அவன்.

என் குளங்களைப் புது ஆட்கள் பாழாக்குகிறார்கள். நீ பார்த்திருக்கிறாய், ஆனால் கவனித்திருக்க மாட்டாய். காலையில் காற்று விழுந்துவிடும்போது நீரின் மேல் மெல்லிய உப்பு ஏடு படியும். பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும். அதை விட்டால் கெட்டிப்பட்டு மூடிக்கொள்ளும், அடியில் இருப்பது மூச்சுவிட முடியாது, வெயில் எத்தனை அடித்தாலும் ஆவியாகாது. அதனால் கரைக்கு ஒருவராக நின்று கயிற்றை நீரின் மேல் இழுத்துக்கொண்டே நடப்போம். ஏடு உடையும், குளம் கலங்கும், உயிர் வரும். புது ஆட்கள் "குளம் சும்மா சமத்தா இருக்கே, எதுக்குக் கலக்கணும்?" என்று விட்டுவிட்டார்கள். ஒன்பதாம் குளம் பாழ்.

புட்டி கழுவும்போது கை வேலை செய்கிறது, தலை சும்மா இருக்கிறது. அதனால் ஒன்று தோன்றியது. எட்டு வருடத்தில் நான் மூன்று முறை விழுந்தேன்: எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுநான்கு. அந்த மூன்றுக்கும் முந்தின வாரங்களில் என்ன எழுதியிருந்தேன் என்று நீ உட்கார்ந்து பார்த்தாயா? இல்லை, குதித்தால் நோய், குதிக்காவிட்டால் சுகம் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாயா? பெரிய படிப்பு படித்தவளே, பார்த்துச் சொல்.

மரத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மிரா


வல்பராயிசோ
14 மே 1996

மிரா, என் மிரா,

பார்த்தேன். மூன்று வாரம் வேறு எதையும் பார்க்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, கோர்வையில்லாமல் வந்தால் திட்டாதே.

சின்ன வயதில் பெர்த்தா சித்தி வீட்டில் நாமும் அவளுமாக மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்தோமே, ஒரே போர்வை. நான் இழுத்தால் உனக்குக் குளிரும், நீ இழுப்பாய், சித்திக்குக் குளிரும், அவள் இழுப்பாள், எனக்குக் குளிரும். யாரும் வெளியிலிருந்து வந்து கலைக்கவில்லை. மூன்று பேரின் இழுப்பே போதும், போர்வை எந்த நாளும் ஒரே மாதிரி கிடந்ததில்லை. ஆனால் அது கட்டிலை விட்டு வெளியே போனதும் இல்லை. மூளைக்குள் சில ரசாயனங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று அடங்கும், அது அடங்கியதால் மூன்றாவது எழும், அது முதலாவதை மிதிக்கும். கேயாஸ் கணக்கு சொல்வது இவ்வளவுதான்: விதி இருக்கிறது, ஆனாலும் நாளை மறுநாள் என்ன என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உன் எட்டு வருடத்தையும் ஒரே தாளில் புள்ளியாக வைத்தேன். இன்றைய எண் எத்தனை, நாளைய எண் எத்தனை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. கிட்டத்தட்ட மூவாயிரம் புள்ளிகள். சிந்திய பயறு மாதிரி இறைந்து கிடக்கும் என்று நினைத்தேன். இல்லை, மிரா. ஓர் உருவம் வந்தது. இரண்டு சிறகு விரித்து, நடுவில் ஒடுங்கி, ஓரங்களில் இழை இழையாகப் பிரிந்து. எந்த நாளும் முந்தின நாளை அப்படியே திருப்பி நடிக்கவில்லை. ஆனால் எந்த நாளும் அந்த உருவத்தை மீறவும் இல்லை. நீ அழுத நாளும் சிரித்த நாளும் எலிசெயோ வந்த நாளும் அதற்குள் அதனதன் இடத்தில் இருந்தன. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருடம் உன் மனசுக்கு விதியே இல்லை, உடைந்துபோனது என்று எண்ணியிருந்தேன். இவ்வளவு அழகான ஒழுங்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கோவிலில் நிற்பதுபோல் நின்றேன், எனக்குக் கோவில் பழக்கமே கிடையாது.

இப்போது நீ கேட்ட கேள்வி. அந்த மூன்று வீழ்ச்சிகளுக்கு முந்தின வாரங்களைச் சிவப்பு மையில் குறித்தேன். குதித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மாறாக, ஐந்தாறு வாரம் முன்பே புள்ளிகள் சிறகுகளை விட்டு ஒரு மூலையில் கூடிவிடுகின்றன. செக்குமாடு மாதிரி ஒரே சின்ன வட்டம். 1.204, 1.205, 1.206, 1.205, 1.204. பார்க்க எவ்வளவு சமத்து! டாக்டர்கள் உன்னைப் பாராட்டிய வாரங்கள் அவை. அதன் பிறகுதான் ஒரே நாளில் தூக்கி எறியப்பட்டிருக்கிறாய்.

குதிப்பு உன் நோய் அல்ல. குதிப்புதான் நீ. சமத்தானால்தான் பயம். டிசம்பரில் நீ இருந்த அளவு ஆரோக்கியமாக எட்டு வருடத்தில் எப்போதும் இருந்ததில்லை, அந்த நேரம் பார்த்து நான் உன்னைப் பிடித்துக் கொடுத்தேன்.

நீ கயிற்றைப் பற்றி எழுதியதை இதற்குப் பிறகு மறுபடி படித்தேன். அந்த விதி உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் மூவாயிரம் புள்ளி வேண்டியிருந்தது.

நொயெமி


உப்புவெளி முகாம்
6 ஜூன் 1996

நொயெமி,

கடிதத்தை லாரியின் நிழலில் உட்கார்ந்து எலிசெயோவுக்குப் படித்துக்காட்டினேன். போர்வை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். சிறகு வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான். "அப்போ உனக்குள்ள ஒரு பறவை இருக்குன்னு சொல்றாங்களா?" என்றான். "பறவை இல்லடா, கணக்கு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் போல" என்றான். அன்றைக்கே மரத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். மறுநாளும் சரிதான் என்றேன், நம்பு.

உன் தாளைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். காலையில் எழுந்து பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. என் கெட்ட நாட்களுக்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன், அடித்துத் திருத்தவேண்டிய எழுத்துப்பிழை மாதிரி. அவை இல்லாவிட்டால் அந்தச் சிறகே இருக்காது என்று நினைத்தால், என்னமோ செய்கிறது. சொல்லத் தெரியவில்லை.

இஸ்மேனியாவிடமும் காட்டினேன். நல்லவள்தான், பாவம். "அப்போ நீ சண்ட போட்டா நான் நிம்மதியா தூங்கலாம், அமைதியா இருந்தா ஓடி வரணும், அதானே?" என்றாள். அவளே மேற்பார்வையாளரிடம் பேசி என்னைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பினாள். உன் குழலைத்தான் மிதக்கவிடுகிறேன், சொல்லிவைக்கிறேன்.

உனக்கு மறுபடி எண் தருகிறேன், மே மாதத் தாள் இத்துடன். ஆனால் ஒரு நிபந்தனை. நீயும் எழுதவேண்டும். ஒரே கரு என்றாய் அல்லவா? எட்டு வருடமாக நான் மட்டும் அம்மணமாக நிற்கிறேன், நீ கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாய். கள்ளாட்டம் கூடாது. தினம் காலையில் கண்ணை மூடி, உனக்குள் குழல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மூன்று தசம இடம் வரை எழுது. வாராவாரம் அனுப்பு.

மிரா


வல்பராயிசோ
4 ஜூலை 1996, வியாழன்

அன்புள்ள மிரா,

நலம். மூடுபனி இருக்கிறது. வேலை நன்றாகப் போகிறது. உன் உருவத்தைப் பற்றிய கட்டுரையைத் தினமும் நான்கு பக்கம் எழுதுகிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் "மனசுக்கு வரைபடமா?" என்று சிரித்தார்கள், அது என்னைப் பாதிக்கவில்லை.

நிபந்தனைப்படி இந்த வார எண்கள்: 1.207, 1.206, 1.205, 1.206, 1.207, 1.206, 1.205.

உனக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்குள் பறவை இல்லை. நான் அளவுகோல், அவ்வளவுதான். நீயும் எலிசெயோவும் நலமாக இருங்கள்.

நொயெமி


வல்பராயிசோ
11 ஜூலை 1996, வியாழன்

அன்புள்ள மிரா,

நலம். மூடுபனி இருக்கிறது. வேலை நன்றாகப் போகிறது. கட்டுரை தினமும் நான்கு பக்கம். மூன்று மணிநேரத் தூக்கம் போதுமாக இருக்கிறது. திங்களன்று சின்ன நிலநடுக்கம், எல்லோரும் படியில் இறங்கி ஓடினார்கள், நான் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எண்கள்: 1.206, 1.205, 1.206, 1.206, 1.205, 1.206, 1.206.

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

நொயெமி


உப்புவெளி முகாம்
16 ஜூலை 1996

நொயெமி,

கடிதம் எழுதுகிறாயா, பள்ளிக்கூட மணி அடிக்கிறாயா? வியாழன் தவறாமல் டணார் என்று வருகிறது. எண்ணைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மேசை மாதிரி சமமாக இருக்கிறாயே, கொடுத்துவைத்தவள். என்னுடையதைப் பார், நேற்று 1.221, இன்று 1.189. காரணம் எலிசெயோவின் அம்மா. அந்த அம்மா நான் வைத்த கசுவேலாவில் பூசணிக்காய் பெரிதாக வெட்டியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சூப்பில் பூசணி பெரிதாக இருந்தால் கடித்துத் தின்னட்டுமே!

உன் கடிதத்தில் இந்த மாதிரி ஒன்றுமே இல்லையே. உன் பூனை யாரையும் கடிக்கவில்லையா? கீழ்வீட்டுக்காரி பாடுவதை நிறுத்திவிட்டாளா? ஏதாவது வம்பு எழுது.

மிரா


வல்பராயிசோ
25 ஜூலை 1996, வியாழன்

அன்புள்ள மிரா,

நலம். மூடுபனி இருக்கிறது. கட்டுரை முடிந்துவிட்டது.

பூனையைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன், அவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார். உன் எட்டு வருடத் தாள்களையும் பெரிய வரைபடத்தையும் பெட்டியில் கட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன். அவை உன்னுடையவை, உன்னிடமே இருக்கட்டும். எனக்கு இனித் தேவைப்படாது.

எண்கள்: 1.206, 1.206, 1.206, 1.206, 1.206, 1.206, 1.206.

நலமாக இரு.

நொயெமி


பேருந்தில், கோபியாபோ தாண்டி
31 ஜூலை 1996, இரவு

நொயெமி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. வழியில் என் கை சும்மா இருந்தால் பயம் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது சாலையின் குற்றம்.

நேற்று ஒரே லாரியில் உன் பெட்டியும் கடிதமும் வந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். பூனையைக் கொடுத்தது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் குளத்துக்குப் போனேன், கயிறு இழுக்கும் நேரம். காற்றே இல்லை. குளம் முழுக்க ஏடு, வானம் அப்படியே அதில் கிடந்தது. எதிர்க்கரையில் நின்ற பெண் கத்தினாள்: "எவ்ளோ அழகா இருக்கு, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா?"

அப்போதுதான் உறைத்தது. ஏழு 1.206.

கயிற்றை அப்படியே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து உன் கடிதங்களை வரிசையாக விரித்தேன். நலம், மூடுபனி, நான்கு பக்கம். நலம், மூடுபனி, நான்கு பக்கம். என் சிவப்பு வாரங்கள்தான் அவை, உன் கையெழுத்தில். அந்த விதியைக் கண்டுபிடித்தவளே நீதான். அதைத் தினமும் எழுதி எனக்கு அனுப்பிக்கொண்டே அதற்குள் உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரியவில்லை. நானும் கொடுத்துவைத்தவள் என்று எழுதினேனே, என் வாயில் உப்பைத்தான் போடவேண்டும்.

போன் பூத்துக்கு ஓடினேன். உன் பல்கலைக்கழகத்துக்கோ ஆம்புலன்சுக்கோ போட்டு "என் அக்காவைப் பிடியுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கையில் காசைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்த கை நின்றுவிட்டது. ஜனவரியில் நீ எவ்வளவு பயத்தில் போனை எடுத்திருப்பாய் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. உன்மேல் இருந்த கடைசிக் கோபமும் அங்கேயே போய்விட்டது. கீழ்வீட்டு அம்மாளுக்குத்தான் போட்டேன். "பூனைய எடுத்துக்கிட்டு மேல போங்க. நான் வர்ற வரைக்கும் அவகூடவே இருங்க, தனியா விடாதீங்க" என்றேன். "பாட்டு பாடலாமா?" என்றாள். "நிறுத்தாம பாடுங்க" என்றேன்.

எலிசெயோ கலாமா வரை லாரியில் கொண்டுவந்து விட்டான். பதிமூன்று மணிநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். என் மாத்திரை பையில் இருக்கிறது, உன் குழல் மடியில் இருக்கிறது. நான் வந்து கேட்கும் வரை இரு. எனக்கு உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான்.

மிரா


வல்பராயிசோ
22 செப்டம்பர் 1996

மிரா,

நீ திரும்பிப் போய் எட்டு நாள்தான் ஆகிறது, கட்டிலின் உன் பக்கம் இன்னும் பள்ளமாக இருக்கிறது. பேருந்தில் நீ எழுதியதை இன்றுதான் முழுதாகப் படிக்க முடிந்தது. அன்று பாதியில் கண்ணீரில் எழுத்து மறைந்துவிட்டது.

அந்தக் காலையை நீ உன் பக்கத்திலிருந்துதான் அறிவாய். என் பக்கம் இது. எனக்குத் துக்கம் எதுவும் இல்லை. அதுதான் விசித்திரம். எல்லாம் தெளிவாக, மெதுவாக, சமமாக இருந்தது. இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று தோன்றியது. அடுத்து செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, அதற்கும் நாள் குறித்திருந்தேன்: ஆகஸ்டு முதல் தேதி, வியாழன். எந்தக் கலக்கமும் இல்லாமல் குறித்தேன். அதற்கு நடுவில் கீழ்வீட்டு அம்மாள் பூனையோடு வந்து உட்கார்ந்து இரண்டு நாளாகப் பாடுகிறார், சகிக்கவில்லை, போகவும் மாட்டேன் என்கிறார். வியாழன் காலை பதினோரு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறி நீ வந்தாய். மூட்டையை இறக்கவில்லை. மூச்சு வாங்கியது. நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.

"எத்தனை?" என்றாய்.

ஒன்று புள்ளி இரண்டு பூஜ்யம் ஆறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் முகத்தில் என் முகம் இருந்தது, வெயிலில் கறுத்து, உப்புப் பூத்து, உதடு வெடித்து. எண் வரவில்லை. "தெரியலடி" என்றேன். "தெரியல. உள்ள ஒண்ணுமே மிதக்கல." அதைச் சொன்னதும்தான் எனக்கே கேட்டது.

"அப்போ வா, டாக்டர்கிட்ட போவோம். போலாமா வேணாமா, நீ சொல்லு" என்றாய். என்னைக் கேட்டாய், மிரா. என் கையை யாரும் பிடிக்கவில்லை, நான்தான் உன் கையைப் பிடித்தேன்.

நீ விழுங்கும் அதே மூன்று வெள்ளை லித்தியம் மாத்திரைதான் எனக்கும். "இது ஏன் வேலை செய்யுதுன்னு கேக்காதீங்க, எங்களுக்கே முழுசா தெரியாது" என்று டாக்டர் சிரித்தார். தினம் காலையில் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். உன் காலடியில் பாலைக்கு அடியில் கிடந்த ஒரு துளி உப்பு. குளம் குளமாக நீலத்திலிருந்து மஞ்சளாகி, ஒருவேளை நீயே குழல் விட்டு அளந்து, இங்கே வந்து என் நாக்கில் கரைகிறது. இத்தனை பெரிய மனசு இத்தனை சின்னதற்குத் திரும்புகிறதே என்று ஒவ்வொரு நாளும் வியந்துபோகிறேன். எண்பது பக்கக் கட்டுரையில் இந்த ஒரு வரி இல்லை. அதைக் கிழிக்கவில்லை, ஆனால் புதிதாக எழுதப்போகிறேன். முதல் வரி உன் கயிற்றிலிருந்து தொடங்கும். உன் பெயரும் போடுவேன், சண்டை போடாதே.

பதினெட்டாம் தேதி சுதந்திர தின விடுமுறைக்கு எல்லா மேட்டிலும் பட்டம் விட்டார்கள். கீழ்வீட்டு அம்மாள் மாவுக்குள் பொதிந்து எம்பனாதா சுட்டுக் கொடுத்தார், உள்ளே ஒரே வெங்காயம், அழுதுகொண்டே தின்றேன். பூனை என்னை மன்னிக்கவில்லை, கணுக்காலைக் கடித்துவிட்டது. மாணவன் ஒருவனை வகுப்பில் திட்டிவிட்டேன், பிறகு வராந்தாவில் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். நேற்றுக் காரணமே இல்லாமல் நாள் முழுக்க அழுகை. இன்று காலை ஜன்னலைத் திறந்தால் மூடுபனி இல்லை, கடல் தெரிந்தது, சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நீ விட்டுப்போன குழல் மேசைமேல் இருக்கிறது. இந்த வார எண்கள்: 1.194, 1.215, 1.187, 1.209, 1.222, 1.181, 1.218.

பார்த்தாயா, ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை.

நொயெமி